நபர் நான்கும் நபர் ஐந்தும்

என்னை ஓர் அறிக்கையில் நொண்டியாக்கியிருந்தார்கள். வலது காலில் லாரி ஏறியதாம். தறி நெய்கிற ஊரில் பிறந்தவனாம். மனைவி இறந்த துக்கத்தில் மலை சுற்ற வந்து இங்கேயே தங்கிவிட்டவனாம். இதில் ஒன்றும் எனக்கு நடந்ததில்லை. இந்த மாவட்டத்திலேயே என் அப்பாவுக்குக் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற கொஞ்சம் நிலம் இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கால்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. அவை ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதுதான் வீட்டில் எல்லாருக்கும் என்மேல் இருந்த வருத்தம்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். லாரி கிளீனர், ஓட்டலில் மாவாட்டுவது, பந்தல் கட்டுவது என்று கிடைத்ததைச் செய்துகொண்டு ஊர் ஊராகப் போனேன். வேலை கிடைக்காத ஊரில் கோயில் சோறு. திருவண்ணாமலைக்குப் பல தடவை வந்திருக்கிறேன், பல தடவை கிளம்பியிருக்கிறேன். கடைசியாக வந்தபோது ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் உட்காரும் ஒரு காபிக் கடையில் பாத்திரம் கழுவுகிற வேலை கிடைத்தது. படுக்கை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை தாண்டி, எப்போதும் பூட்டியே கிடந்த ஒரு கடையின் தகரக் கூரைக்கு அடியில். மழை வந்தால் உட்கார்ந்தபடி தூங்க வேண்டும். பழகினால் வரும்.

அங்கேதான் மேடம் வந்தார். ஒரு கல்லூரியில் சமூகப்பணி பாடம் நடத்துகிறவர். பாதையில் படுக்கிறவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னார். அவரோடு ஆராய்ச்சி மாணவர் ஒருவரும் வந்தார். தாடி வைத்தவர், கோபக்காரர், ஆனால் யாரைப் பார்த்தாலும் முதலில் "சாப்டீங்களா" என்று கேட்பவர். யார் எங்கே படுக்கிறார்கள், யார் பேசுவார்கள், யாரிடம் பேச்சுக் கொடுக்கவே கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதால் என்னைக் கூட அழைத்துக்கொண்டு சுற்றினார்கள். இரண்டு பௌர்ணமிக்கு நடுவில் பாதை காலியாக இருக்கும் நாட்களில்தான் வருவார்கள். மேடம் தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். முதலில் வெயில், தண்ணீர், நாய் என்று எதையாவது பேசுவார். கேள்வி பிறகுதான்.

அறிக்கை முடிந்ததும் எங்களைப் பற்றி எழுதியதை எங்களிடமே வந்து வாசித்துக் காட்டினார்கள். அது அவர்கள் வழக்கமாம். நான் நபர் பதினொன்று. மாணவர் என் பகுதியை வாசித்தபோது வேறு யாரையோ சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். லாரி ஏறிய கால் வந்ததும், "பாவம், யாருங்க இது?" என்றேன்.

"நீங்கதாண்ணே."

"எனக்கு ஏன் சார் காலை ஒடிச்சீங்க?"

மேடம் சிரித்துவிட்டார். "உங்களை யாரும் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாதுல்ல? பேரு, ஊரு, உடம்பு, எல்லாத்தையும் மாத்திடுவோம். படுக்கிற இடத்தைக்கூட மாத்திடுவோம். நீங்க பட்ட கஷ்டம் மட்டும் மாறாது. எங்க படிப்புல முதல்ல கத்துக்குடுக்கிறதே இதுதான்."

"கஷ்டத்தை மாத்த முடிஞ்சா அதையும் மாத்தியிருப்பீங்க."

"முடிஞ்சா மாத்தியிருப்பேன்" என்றார். அதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

நபர் நான்கும் நபர் ஐந்தும் எனக்குப் பக்கத்தில் படுத்த ஒரு பெண்ணும் ஓர் ஆணும். இரண்டு பேருக்கும் அறுபதுக்கு மேல் இருக்கும். அவளுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. பாதையில் எல்லாரும் அக்கா என்போம். அவரை அண்ணன் என்போம். அண்ணன் தோளில் போட்டிருக்கும் துண்டின் ஒரு முனையை அக்கா பிடித்துக்கொண்டு நடப்பாள். அவர் நின்றால் துண்டு தளரும், அவளும் நிற்பாள். இவர்களைப் பற்றி இங்கே எழுதும்போது நானும் சிலதை மாற்றியிருக்கிறேன். எதை என்று சொல்ல மாட்டேன்.

இருவரும் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இல்லை. செங்கல் சூளையில் ஒன்றாக வேலை செய்தவர்கள். பார்வை போன பிறகு அக்காவை அவள் மகன் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் வைத்திருந்தான். வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வேலைக்குப் போவான். அண்ணன் ஒருநாள் தாழ்ப்பாளைத் திறந்து அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். மகன் இன்னும் தேடுகிறான் என்று அக்காவுக்குப் பயம். இதை மேடத்திடம் சொல்லி முடித்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க பேரை எங்கயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றாள். மேடம் சத்தியம் செய்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

அறிக்கையில் அவர்கள் தலைகீழாகிப் போனார்கள். கண் தெரியாதவர் ஆண். பார்வை உள்ளவள் பெண், கோயில் வாசலில் பூ விற்கிறவள். படுக்கிற இடம் செங்கம் ரோட்டில் ஒரு குளத்தங்கரை. வாசித்துக் காட்டியபோது அக்கா முகத்தைச் சுளித்தாள். "வேற வேலையே கிடைக்கலியா உனக்கு? பூ வாசனை வந்தாலே எனக்குத் தலையை வலிக்கும்."

"பரவால்ல, நான் குருடனாயிட்டேன். நீ பூ விக்க மாட்டியா?" என்றார் அண்ணன்.

அந்த வருஷம்தான் பாதையில் படுப்பவர்களுக்கு வேங்கிக்காலைத் தாண்டி ஒரு தங்குமிடம் கட்டுகிறார்கள் என்ற பேச்சு வந்தது. கட்டடம் பாதி எழும்பியபோது விதிகளும் வந்தன. ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம். சாயங்காலம் கேட்டைப் பூட்டுவார்கள். தங்குமிடம் திறந்த பிறகு பாதையில் யாரும் படுக்கக் கூடாது. எனக்கு அதில் பாதி சந்தோஷம்தான். தலைக்கு மேல் கூரை, ஒழுங்கான கக்கூஸ். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கார்த்திகை தீபத்துக்கு முன்னால் எங்களை வேனில் ஏற்றிக் கொண்டுபோய் எங்கேயோ இறக்கிவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

 அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "என்னை ஒரு பக்கம் போட்டுப் பூட்டிட்டு இவரை ஒரு பக்கம் போட்டுப் பூட்டுவாங்களா? மறுபடியும் தாழ்ப்பாளா? ராத்திரியில எழுந்தா நான் யாரு துண்டைப் பிடிக்கிறது?"

"நான் பொம்பளை வேஷம் போட்டுக்கிட்டு வரேன்" என்றார் அண்ணன்.

"மீசையை எடுக்கணும்."

"அப்போ வரல."

சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அக்கா வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று சொல்ல ஆரம்பித்தாள். அவளால் ரொம்ப தூரம் நடக்க முடியாது. எந்த ஊருக்குப் போவது?

தங்குமிட விதிகளைப் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. மாணவர் அன்றைக்கே மேடத்தை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். டீக்கடையில் நின்று இருவரும் சண்டை போட்டார்கள். நான் நடுவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம அறிக்கையை அங்க வைக்கணும் மேடம். பேப்பர்க்காரங்களையும் கூப்பிடணும்."

"டிபார்ட்மெண்ட்ல இன்னா சொன்னாங்க தெரியுமா? ஆராய்ச்சி பண்ணுங்க, அரசியல் பண்ணாதீங்கன்னாங்க."

"யாரு எங்க படுக்கணும்னு ரூல் போடறதே அரசியல்தானே மேடம்?"

மேடம் கொஞ்ச நேரம் டீயை ஆற்றினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "எங்க பாடத்துல பரிந்து பேசுதல்னு ஒரு அத்தியாயம் இருக்குங்க. பேச முடியாதவங்களுக்காக, பேச வேண்டிய இடத்துல போயி நாம பேசறது. வருஷா வருஷம் நடத்தறேன். பரீட்சையில அதுல ஒரு பெரிய கேள்வி நிச்சயம் வரும். பசங்க நல்லா எழுதுவாங்க, நானும் மார்க் போடுவேன். இதுவரைக்கும் ஒரு தடவைகூடப் போயிப் பேசினது இல்ல."

"இப்போ போலாமே" என்றேன். எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வேலை போனால் என்ன ஆகும் என்று யோசிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அந்த வேலையை வைத்துத்தான் அவர் குடும்பம் ஓடுகிறது என்று மாணவர் பிறகு சொன்னார். கணவருக்கு உடம்பு சரியில்லையாம்.

மேடம் அறிக்கையை அனுப்பினார். கூட்டத்துக்கும் போனார். நானும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் பெரிய அறை, ஃபேன்கள், நீள மேஜை. கடைக்காரர்கள், விடுதி நடத்துகிறவர்கள், சில பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நல்லவர். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எல்லாரும் பேசும்வரை பொறுமையாக இருந்தார், வந்தவர்களுக்கு மோர் வாங்கித் தந்தார். மேடத்தின் முறை வந்தபோது அதிகாரி அறிக்கையை எடுத்து முன்னால் வைத்தார்.

"மேடம், முழுசும் படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. நபர் நான்கு, நபர் ஐந்து பத்திப் படிச்சதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவங்களைப் பிரிக்கக் கூடாதுன்னுதான் நினைச்சேன். அதனால நேர்ல பார்த்துட்டு வாங்கன்னு வேன்ல ஆளுங்களை அனுப்பினேன்." அறிக்கையை மூடினார். "அந்தக் குளத்தங்கரையில அப்படி யாரும் இல்லீங்க. கண்ணு தெரியாதவரும் இல்ல, பூ விக்கிறவங்களும் இல்ல. அக்கம்பக்கத்துக் கடையிலயும் விசாரிச்சாச்சு. அப்படி யாரையும் பார்த்ததே இல்லைன்றாங்க."

கடைக்காரர் ஒருவர் பின்னாலிருந்து, "கதை எழுதிக் குடுத்துட்டாங்க சார்" என்றார். சிலர் சிரித்தார்கள்.

 அடையாளத்தை மாற்றி எழுதுவது தங்கள் முறை என்று மேடம் விளக்கினார். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அது எழுதியிருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. அவர்கள் கல்லூரிக்குள் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். அதற்கு வெளியே ஒருவர் வேன் எடுத்துக்கொண்டு தேடப் போவார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"புரியுதுங்க" என்றார் அதிகாரி. "ஆனா மாத்தி எழுதினதை வெச்சு நான் எப்படி ரூலை மாத்துறது? மேல கேப்பாங்க. நிஜமான ஆளைக் காட்டுங்க. பேரு வேணும், இடம் வேணும். சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அடி அண்ணாமலை தாண்டி தகரக் கூரை, நானே கூட்டிப்போறேன் சார். மேடம் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

ஆட்டோ பிடித்து மூன்று பேரும் பாதைக்குப் போனோம். மாணவர் வழியெல்லாம், "அவங்க நல்லதுக்குத்தானே மேடம், சொல்லிடலாம்" என்றார்.

அக்கா கடை நிழலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அவளுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தார். மேடம் எதிரே உட்கார்ந்து நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். பேர் சொன்னால் சேர்ந்து இருக்க இடம் கிடைக்கலாம். ஆனால் பேர் காகிதத்தில் ஏறும். காகிதம் யார் கைக்குப் போகும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது.

"நான் வரேம்மா" என்று அண்ணன் சீப்பைக் கீழே வைத்தார். "என் பேரைச் சொல்லிக்கோ."

"உன் பேரைச் சொன்னா என் பேரு தானா வராதா?" என்றாள் அக்கா. பிறகு மேடம் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அன்னிக்குச் சத்தியம் பண்ணியே. அதைத் திருப்பி வாங்கிக்க வந்தியா?"

"இல்லக்கா. கேக்க வந்தேன். வேணாம்னா வேணாம்."

"வேணாம்."

"சரி" என்று மேடம் எழுந்துவிட்டார்.

மாணவருக்குக் கோபம். "இன்னும் கொஞ்சம் எடுத்துச் சொல்லலாமே மேடம், பிரிஞ்சு போயிடுவாங்க" என்றார். "எடுத்துச் சொல்லியாச்சு. இதுக்கு மேல சொன்னா அது வேற" என்றார் மேடம். ஆட்டோ கிளம்பும்போது அண்ணன் ஓடிவந்து, "கோவிச்சுக்காதம்மா, அவளுக்குப் பயம் ஜாஸ்தி" என்றார். மேடம் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.

திரும்பிப் போனபோது அறையில் பாதிப் பேர்தான் இருந்தார்கள். அதிகாரி எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், வேறு யாராவது வருகிறார்களா என்று.

"அவங்களைக் காட்ட மாட்டேங்க சார்" என்றார் மேடம். "வேணாம்னு சொல்லிட்டாங்க."

கதை என்று சொன்ன கடைக்காரர் மறுபடியும் சிரித்தார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அவர்கள் பேர் என்னுடையது இல்லை. என் பேர் என்னுடையதுதானே. எழுந்து, "சார், நபர் பதினொண்ணு நான்தாங்க" என்றேன்.

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். "நபர் பதினொண்ணு... வலது கால் ஊனம்னு போட்டிருக்கு."

"அதான் சார் மாத்தினது."

"நடந்து காட்டுப்பா."

கதவுவரை போய் மேஜைவரை வந்தேன். "நம்மளைவிட வேகமா நடக்கறான்யா" என்று யாரோ சொன்னார்கள். இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அதிகாரி என் பேர், அப்பா பேர், ஊர் கேட்டார். பல வருஷமாக யாரிடமும் நான் அந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னதில்லை. சொன்னால் வீட்டிலிருந்து யாராவது வருவார்கள், அழுவார்கள், கூப்பிடுவார்கள். சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார். நான் எங்கே படுக்கிறேன் என்று கேட்டதற்கு மட்டும், "எங்க இடம் கிடைக்குதோ அங்க" என்றேன்.

"ஒருத்தர் நிஜம்னா மத்தவங்களும் நிஜமா இருக்கலாம்" என்றார் அதிகாரி. "சரி மேடம். புருஷன் பொண்டாட்டியா இருக்கிறவங்களுக்கு ரெண்டு ரூம் ஒதுக்கறேன். ரேஷன் கார்டோ கல்யாணப் பத்திரமோ காட்டினா போதும்."

மாணவர் என் தொடையைச் சந்தோஷமாகக் கிள்ளினார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார். நானும் ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன். பிறகு தாழ்ப்பாள் ஞாபகம் வந்தது. அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஏது கல்யாணப் பத்திரம்?

"அது போதாதுங்க சார்" என்றார் மேடம். ஏன் என்று அவரால் சொல்ல முடியாது. சொன்னால் அவர்களைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். "கார்டு பத்திரமெல்லாம் வெச்சிருக்கிறவங்க எதுக்கு சார் ரோட்ல படுக்கறாங்க? கண்ணு தெரியாதவங்களுக்கு ராத்திரியில பிடிச்சுக்க ஒரு கை வேணும். அது யாரு கைன்னு அவங்களே சொல்லட்டுமே."

"அப்படி எழுதினா நாளைக்கு யாரு வேணா யாரைக் கூட்டிக்கிட்டு வருவாங்க. மேல ஒத்துக்க மாட்டாங்க மேடம்."

மேடம் சட்டென்று, "ஜிஎச்ல என் வீட்டுக்காரர் படுத்திருந்தாரு சார்" என்றார். "ஒரு நாள் நான் இருந்தேன். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் இருந்தாரு. கூட இருக்கிறவங்களுக்குன்னு ஒரு பாஸ் குடுத்தாங்க. யாருகிட்டயும் கல்யாணப் பத்திரம் கேக்கல. நோயாளி யாரைக் காட்டறாரோ அவருக்குப் பாஸ். அதே மாதிரி இங்கயும் குடுக்கலாமே."

அறிக்கையில் இல்லாத ஒன்று அது. அவர் வீட்டுக் கதை. அதை மட்டும் அவர் மாற்றவில்லை.

அதிகாரி பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து யோசித்தார். "ஏற்கெனவே ஓர் இடத்துல நடக்கிறதுன்னா நான் எழுதலாம்" என்றார். "ஊனமுற்றவங்களுக்கும் பார்வை இல்லாதவங்களுக்கும் மட்டும். கூட ஒருத்தர். அந்த ரெண்டு ரூம்ல. ஆனா நீங்க எழுத்துல குடுக்கணும். உங்க பேரு, காலேஜ் பேரு எல்லாம் போட்டு."

"காலேஜ் பேரும் வேணுங்களா?"

"வேணுங்க."

மேடம் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்ததும் என்னைப் பார்த்து, "நானும் நிஜமாயிட்டேன்" என்றார்.

கல்லூரியில் விளக்கம் கேட்டார்கள். அவரும் எழுதிக் கொடுத்தார். பாடம் நடத்துவதை நிறுத்தவில்லை, ஆனால் அந்த வருஷம் அவருக்கு வர வேண்டிய ஒரு பதவி வேறொருவருக்குப் போனது என்று மாணவர் சொன்னார். மேடம் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

தங்குமிடம் திறந்தார்கள். பாதையில் படுத்தவர்களில் பேர் கொடுத்து வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் முதல் கட்டில் எனக்கு விழுந்தது. ஓரிடத்தில் நிற்காதவன் என்று பேர் எடுத்தவனுக்குச் சுவரில் ஒட்டிய எண்ணோடு ஒரு கட்டில். அண்ணனும் அக்காவும் வரவில்லை. அக்காவுக்கு எழுதுகிற மேஜையைக் கண்டாலே பயம். பௌர்ணமிக் கூட்டத்தில் மறைந்துகொள்வார்கள், மற்ற நாட்களில் இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நான் போய்ப் பார்த்து, பாஸ் மட்டும்தான், பத்திரம் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம், கேட்டைப் பூட்டப் போகும் நேரத்தில், இருவரும் நனைந்துகொண்டு வந்து நின்றார்கள். அவள் கையில் துண்டின் முனை. காப்பாளர் நோட்டை எடுத்தார். இவர் யார் என்று கேட்டதற்கு, "கூட இருக்கிறவரு" என்றாள் அக்கா. காப்பாளர் விதி ஒட்டிய பலகையைப் பார்த்தார், தலையசைத்தார். பேர் கேட்டார். அக்கா ஒரு பேர் சொன்னாள். மேடத்திடம் அன்றைக்குச் சொன்ன பேர் இல்லை அது. அண்ணனுக்கும் அவளே ஒரு பேர் வைத்தாள். அண்ணன் திருதிருவென்று விழித்தார். நான் கட்டிலைத் துடைப்பது போல நின்றேன்.

"முன்னாடி இன்னா வேலைம்மா பண்ணினீங்க?"

பூ என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அக்கா ஈர முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"டீச்சர்" என்றாள்.

காப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "உள்ள வாங்க டீச்சர், ஈரத்துல நிக்காதீங்க."

அதற்குப் பிறகு அங்கே எல்லாருக்கும் அவள் டீச்சர்தான். ராத்திரியில் எழுந்தால் துண்டு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். கொஞ்ச நாள் கழித்து மேடம் பார்க்க வந்தார். காப்பாளர் பெருமையாக, "இவங்க நம்ம டீச்சர், மேடம்" என்று காட்டினார். மேடம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன்.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், "வணக்கம் டீச்சர்" என்றார்.

"உட்காரும்மா" என்றாள் அக்கா. "நீ எந்த ஸ்கூலு?"